வீட்டுல சுகர் 115, எச்பிஏ1சி மட்டும் 8.1: அம்மாவுக்கு மாத்திரையக் கூட்டணுமா?

கேள்வி: டாக்டர், எங்க ஊரு முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 58 வயசு, பீடி சுத்துறாங்க. 11 வருஷமா சுகர், மெட்ஃபார்மின் போடுறாங்க. வீட்டு மிஷின்ல வெறும்வயித்துல 110, 120தான் காட்டுது, ஆனா மூணு மாச சராசரி சுகரச் சொல்ற எச்பிஏ1சி 8.1 வந்திருக்கு. ஹீமோகுளோபின் 8.4, சிவப்பணு சைஸச் சொல்ற எம்சிவி 70, உடம்புல இரும்பு இருப்பச் சொல்ற ஃபெரிட்டின் 48 நார்மல்னு போட்டிருக்கு. ஒரே அசதி. கால் விரல்ல புண் ஒண்ணு ரொம்ப நாளா ஆறல. முட்டுவலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடுவாங்க. சுகர் மாத்திரையக் கூட்டணுமா?

பதில்: தம்பி, அந்த 8.1ஐ மட்டும் பாத்து மாத்திரையக் கூட்டிராதீங்க. ஹீமோகுளோபினும் எம்சிவியும் இவ்வளவு குறைஞ்சிருக்கதப் பாத்தா அம்மாவுக்கு இரும்புக் குறையால வந்த ரத்தசோகைன்னு எனக்குச் சந்தேகம். ரத்தத்துல இருக்க சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோட இருக்கும், அதுல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னுதான் எச்பிஏ1சி சொல்லுது, இரும்புச்சத்து இல்லைன்னா புதுசா அணு உருவாகுறது குறைஞ்சு பழசே சுத்திக்கிட்டு கிடக்கும், அதனால உள்ளதவிட கூடுதலா காட்டிரும். அத நம்பி மருந்தக் கூட்டுனா, மெட்ஃபார்மின் மட்டும்னா அது அரிதுதான், ஆனா வேற சில சுகர் மாத்திரை சேந்தா சுகர் சட்டுனு இறங்கி மயக்கம் வரலாம். அதுக்காக சுகர் கன்ட்ரோல்ல இருக்குன்னும் சொல்லிர முடியாது, சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சும் ஒரு வாரம் பாத்து எழுதி வைங்க.

ஃபெரிட்டின் 48, நார்மல்னு லேப்ல போட்டத பாத்து இரும்பு இருக்குன்னு நினைச்சிட்டீங்க. உடம்புல புண்ணு, இன்ஃபெக்ஷன் இருந்தா இரும்பு குறைவா இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறித்தான் நிக்கும். ஆறாத புண் இருக்கவங்களுக்கு 70க்குக் கீழ வந்தாலே நான் சந்தேகப்படுவேன். ரத்தத்துல இரும்பு எவ்வளவு ஓடுதுன்னு காட்டுற ட்ரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்னு ஒரு டெஸ்ட், கூட உடம்புல அழற்சி, இன்ஃபெக்ஷன் இருக்கான்னு காட்டுற சிஆர்பி எடுங்க, சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பெரும்பாலும் இரும்புக் குறைதான். பி12, கிரியாட்டினின், யூரின் ஆல்புமின் இதையும் சேத்துப் பாத்துருங்க, மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டா பி12 குறையும், கிட்னி பழுதானாலும் ரத்தம் ஊறாது.

எனக்கு ரொம்பக் கவலையா இருக்கது அந்த முட்டுவலி மாத்திரைதான். காலையில முறத்த மடியில வச்சு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க, முட்டும் இடுப்பும் வலிக்கத்தான் செய்யும், பாவம் என்ன செய்வாங்க. ஆனா அந்த மாத்திரை வயித்தப் புண்ணாக்கி கொஞ்சங் கொஞ்சமா ரத்தம் கசிய வைக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது, கிட்னியையும் கெடுக்கும். இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, வலிக்கு என்ன போடலாம்னு டாக்டர்ட்ட கேட்டுக்கிடலாம். மாதவிலக்கு நின்ன வயசுல இரும்பு குறையுதுன்னா ரத்தம் எங்கயோ போகுதுன்னுதான் முதல்ல பாக்கணும். மூலம் இருக்கான்னு நீங்க கேட்டா சொல்ல மாட்டாங்க, அக்காவோ தங்கச்சியோ இருந்தா கேக்கச் சொல்லுங்க. மலத்துல ரத்தம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி இரைப்பைக்கு எண்டோஸ்கோபி, தேவைப்பட்டா பெருங்குடலுக்குக் கொலனோஸ்கோபியும் பாத்துருங்க. மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ, நெஞ்சு வலிச்சாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குனாலோ ஒருநாளும் தள்ளிப்போடாதீங்க.

இரும்பு மாத்திரை டாக்டர் எழுதித் தந்தா, காப்பி டீயோட போடக்கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும். நெல்லிக்காயோ எலுமிச்சம்பழச் சாறோ சேத்துக்கிட்டா நல்லா உறிஞ்சும், சாறுல சீனி வேண்டாம். தினமும் போட்டு வயித்தப் புரட்டுனா ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமான்னு கேளுங்க, நிறையபேருக்கு அதுவே போதும். கருப்பட்டியில இரும்பு இருக்கு, சுகர் ஏறாதுன்னு நம்ம பக்கத்துல சொல்லுவாங்க, தயவுசெஞ்சு நம்பாதீங்க, சுகர் நல்லாவே ஏறும். முருங்கைக்கீரை, ஆட்டு மண்ணீரல், அதான் சுவரொட்டி, எல்லாம் தாராளமா சாப்பிடட்டும், ஆனா 8.4ல இருந்து மேல வர அது மட்டும் பத்தாது.

மாத்திரை வேலை செய்யுதுன்னா 3, 4 வாரத்துல ஹீமோகுளோபின் 1 பாயிண்டாவது ஏறணும். ஏறலைன்னா ரத்தம் இன்னும் போகுதுன்னோ மாத்திரை உடம்புல சேரலைன்னோ அர்த்தம், ஊசி வழியா இரும்பு ஏத்த வேண்டியிருக்கும். ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டாலும் உடனே நிறுத்தாம இன்னும் ஒரு 3 மாசம் போடணும், அதுக்கப்புறம் எடுக்குற எச்பிஏ1சியத்தான் கணக்குல எடுக்கணும். கால் புண்ண மட்டும் இந்த டெஸ்ட் எல்லாம் முடியட்டும்னு வைக்காதீங்க தம்பி, நாளைக்கே காட்டுங்க.