பயிற்சியில் சரியாக வரும் ஆங்கில இலக்கணம் கட்டுரையில் ஏன் தவறுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இரண்டாம் படிவம் (இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு) படிக்கும் மகள், இலக்கணப் பயிற்சியை ஒழுங்காகச் செய்துவிட்டுக் கட்டுரையில் கோட்டை விடுகிறாள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் தோட்டப்புறப் பிள்ளைகளிடம் இது சகஜம். கோடிட்ட இடத்தை நிரப்பும்போது கவனம் முழுக்க விதியில் இருக்கும். கட்டுரையில் கருத்தையும் தேட வேண்டும், சொல்லையும் தேட வேண்டும். கை பழகிய மொழிக்கே போய்விடும்.

'யெஸ்டர்டே ஐ கோ டு டவுன்' என்றால் அது மலாய் வாடை. மலாயில் 'போ' என்பதற்கான 'பெர்கி' நேற்றைக்கும் நாளைக்கும் மாறாது. தமிழ்ப்பள்ளி முடித்து, இப்போது பெரும்பாலான பாடங்களை மலாயில் படிக்கிற பிள்ளை வேறென்ன செய்யும்? 'ஷி வெரி டால்' என்று 'இஸ்' விட்டுப்போனால் தமிழுக்கும் பங்குண்டு; 'அவள் ரொம்ப உயரம்' என்றாலே நமக்குப் போதுமே. 'ஷி கோஸ்' என்பதில் வரும் 'ஸ்' மெதுவாகத்தான் படியும். 'எ', 'தி' இழுபறி இன்னும் நீளும். அதற்கெல்லாம் திட்டாதீர்கள்.

2021 முதல் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள்; எழுத்துக்கே தனித் தாள் உண்டு. அதனால் இன்னொரு பயிற்சிப் புத்தகம் வேண்டாம். அவள் எழுதிய கட்டுரையையே எடுத்து, இறந்தகாலப் பிழைகளை மட்டும் அவளே தேடித் திருத்தட்டும். மற்றது அப்புறம்.