கல்லூரி விளையாட்டில் காசு: அக்காவிடம் கேளுங்கள்

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறையில், விதிமுறைப் பிரிவில் பதினோரு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். இந்த வாரம் யார் ஜெயிப்பார்கள் என்றும் கேட்காதீர்கள்.

ஆஸ்டின் வாசகர்: அக்கா, மாணவர்களுக்குக் கல்லூரியே சம்பளம் கொடுக்கிறதாமே, நிஜமா?

நிஜம்தான். ஆனால் 'சம்பளம்' என்ற சொல் மட்டும் அவர்கள் வாயில் வராது. 'வருவாய்ப் பங்கு' என்பார்கள். 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் காசு கேட்டுப் போட்ட 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். ஜூலை 1லிருந்து ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு முதல் வருடத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். 2016லிருந்து ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர், பத்து வருடத் தவணையில்.

அந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு பயம்? 1955இல் ரே டென்னிசன் என்பவர் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலை செய்யும்போது இறந்தவர் என்று அவர் மனைவி இழப்பீடு கேட்டார். அந்த மாநில உச்ச நீதிமன்றம் தரவில்லை. அதே காலத்தில்தான் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் நிர்வாக இயக்குநராக இருந்த வால்டர் பையர்ஸும் அவர் ஆட்களும் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற தொடரைப் புழக்கத்தில் விட்டார்கள். தொழிலாளி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். என் அலுவலகத்தில் ஒரு கடிதத்தில் 'வீரர்' என்று மட்டும் எழுதினாலே சிவப்பு மையில் திருத்தி வரும்.

இன்னொன்று. வழக்குக்குப் பெயர் கொடுத்த கிராண்ட் ஹவுஸ் ஃபுட்பால்காரர் இல்லை, அரிசோனா ஸ்டேட்டின் நீச்சல் வீரர். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னை வாசகர்: மகன் டென்னிஸ் ஆடுகிறான், எஃப்-1 மாணவர் விசாவில் போகப்போகிறான். விளம்பரக் காசு வாங்கலாமா?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் சார். 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயர், உருவத்தை வைத்துச் சம்பாதிக்கலாம். இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். ஆனால் அது என்.சி.ஏ.ஏ. விதி. விசா விதி வேறு கதவு. எஃப்-1இல் இருப்பவர் கல்லூரிக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம், வெளி வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். அமெரிக்க மண்ணில் நின்று ஒரு கடைக்கு வீடியோ எடுத்துக்கொடுத்தாலும் அது வேலைதான் என்று அதிகாரி சொன்னால் படிப்பே போய்விடும். ஊருக்கு வந்து படப்பிடிப்பை முடித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. எதுவானாலும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் குடியேற்ற வழக்கறிஞரையும் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பயிற்சியாளர் 'பார்த்துக்கலாம்' என்றால் அவர் பார்க்க மாட்டார்.

மற்றபடி டென்னிஸுக்கு அமெரிக்கக் கல்லூரி நல்ல வழி. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை அவர்கள் ஊரிலேயே அலற வைத்தாரே!

சார்லட் வாசகர்: ஃபுட்பால் பிளேஆஃப் காசையெல்லாம் என்.சி.ஏ.ஏ. சுருட்டுகிறதே?

இல்லை. சாம்பியனை முடிவு செய்யும் அந்த பிளேஆஃபை நடத்துவது கான்ஃபரன்ஸ்கள், அதாவது கல்லூரிகள் சேர்ந்து அமைத்த கூட்டணிகள். 1984இலேயே உச்ச நீதிமன்றம் ஃபுட்பால் டிவி உரிமையை என்.சி.ஏ.ஏ. கையிலிருந்து பிடுங்கிவிட்டது. என்.சி.ஏ.ஏ.வின் வருமானத்தில் பெரும்பங்கு ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியிலிருந்து வருவது.

ஹூஸ்டன் வாசகர்: தம்பிக்கு ஒரு ஏஜென்ட் முன்பணம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ஃபுட்பால்காரர் ஜெர்வான் டெக்ஸ்டர் கதையைச் சொல்கிறேன். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடும்போது, 2022இல், ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். பதிலுக்கு, பின்னால் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் வாங்கப்போகும் சம்பளத்தில் 15 சதவீதம், அதுவும் வரிக்கு முந்தைய தொகையில், 25 வருடத்துக்கு எழுதிக்கொடுத்தார். கந்துவட்டிக்காரன்கூடக் கூச்சப்படுவான். பிறகு வழக்குப் போட வேண்டியதாயிற்று. இன்னொரு பையன், மேத்யூ ஸ்லூகா. லாஸ் வேகாஸ் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் 2024இல் மூன்று ஆட்டமும் ஜெயித்த கையோடு விலகினார். வாய்மொழியாகச் சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்பது அவர் தரப்பு, அப்படி ஒப்பந்தமே இல்லை என்பது எதிர்த் தரப்பு. வக்கீல் படித்துப் பார்த்த காகிதம் வேண்டும். காகிதம் இல்லையென்றால் காசு இல்லை.

டல்லாஸ் வாசகி: மகள் எஃப்-1இல்...

இரண்டாவது பதிலைப் பாருங்கள் மேடம்.

சான் ஹோசே வாசகி: அந்த 2 கோடியில் பெண்களுக்கு எவ்வளவு?

பெரிய கல்லூரிகளில் பேசப்படும் கணக்கு இது: ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லோருக்கும் சேர்த்து 5. நீச்சல் அந்தக் கடைசி ஐந்தில். கல்வியில் ஆண்-பெண் பாகுபாடு கூடாது என்னும் 1972இன் டைட்டில் நைன் சட்டம் இதை அனுமதிக்கிறதா? 2025 ஜனவரியில் கல்வித் துறை, பங்கீட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்றது. ஆட்சி மாறிய கையோடு, பிப்ரவரியில் அதை வாபஸ் வாங்கியது. பழைய பாக்கியின் பங்கீட்டை எதிர்த்துச் சில வீராங்கனைகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

கொலம்பஸ் வாசகர்: சம்பாதிப்பது ஃபுட்பால். சம்பாதிப்பவனுக்குத்தானே பங்கு? இதில் என்ன அநியாயம்?

வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 2024 பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டம், சவுத் கரோலினாவும் அயோவாவும். சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிக்கு 1 கோடியே 48 லட்சம்.

கொலம்பஸ்: அது அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் என்ற ஒரே ஆளுக்காக. அடுத்த வருடம் பாதிகூட இல்லையே.

இறங்கியது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடையில் எடுத்தே வைக்காத சரக்குக்கு மவுசு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? 2021இல் சான் அன்டோனியோவில் பெண்கள் போட்டிக்கு வந்த அணிகளுக்கு வைத்திருந்த உடற்பயிற்சிக் கூடம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு டம்பெல் ஸ்டாண்டு, கொஞ்சம் யோகா பாய். ஆண்களுக்கு ஒரு கூடம் நிறைய இயந்திரங்கள். ஆரிகன் வீராங்கனை ஒருத்தி வீடியோ போட்டபிறகுதான் ஓடிவந்து மாற்றினார்கள். ஆண்கள் போட்டிக்கு வைத்திருந்த 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரைக்கூட 2022 வரை பெண்களுக்குத் தரவில்லை. போட்டியில் ஜெயித்தால் கான்ஃபரன்ஸுக்குப் போகும் பணம் பெண்கள் அணிக்கு வந்தது 2025இல்தான். இப்படி வளர்த்துவிட்டு, 'பிள்ளை ஒல்லியாக இருக்கிறாளே' என்றால்?

சான் ஹோசே: அப்படிக் கேளுங்க அக்கா!

கொலம்பஸ்: சரி, நீச்சலுக்கு யார் டிக்கெட் வாங்குகிறார்கள்? அதையும் சொல்லுங்கள்.

யாரும் இல்லை. ஆனால் ஒலிம்பிக்ஸ் வந்தால் கொடி பிடித்து ஆடுகிறீர்களே, அந்த நீச்சல் அணி எங்கே வளர்கிறது? கல்லூரிக் குளத்தில். கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025இல் நீச்சல் பிரிவையே மூடிவிட்டது. வழக்குப் போட்டது நீச்சல்காரர், மூடப்படுவது நீச்சல் குளம். அப்புறம், காசு இல்லை என்ற பேச்சு என்னிடம் வேண்டாம். 2023இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்ப ஏழரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. வேலை செய்யாமல் இருப்பதற்கு! ஒரு கல்லூரியின் எல்லா வீரர்களுக்கும் மூன்றரை வருடம் முழுப் பங்கு கொடுக்கலாம்.

கொலம்பஸ்: பயிற்சியாளர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

அப்பாடா.

சியாட்டில் வாசகர்: கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஏன் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இருக்கிறது?

டிவிக் காசு. மேற்குக் கரைக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸான பேக்-12 உடைந்தபோது ஒதுங்கக் கிடைத்த இடம் அதுதான். பசிபிக் கரையிலிருந்து வாலிபால் பெண்கள் வார நாளில் கண்டத்தைத் தாண்டிப் போய் ஆடிவிட்டு வந்து பரீட்சை எழுதுகிறார்கள்.

மினியாபொலிஸ் வாசகர்: மகள் எட்டாம் வகுப்பு, நல்ல நீச்சல். ஸ்காலர்ஷிப்பை நம்பி இருக்கலாமா?

நம்ப வேண்டாம். முன்பு பெண்கள் நீச்சலுக்கு ஒரு கல்லூரி 14 முழு ஸ்காலர்ஷிப் வரைதான் தரலாம். சமரசத்துக்குப் பிறகு அந்த வரம்பு போய், அணியில் 30 பேர் என்ற வரம்பு வந்தது. முப்பது பேருக்கும் கொடுக்கலாம், ஒருவருக்கும் கொடுக்காமலும் இருக்கலாம். என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவான டிவிஷன் த்ரீ கல்லூரிகளையும் பாருங்கள். விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் படிப்புக்கும் குடும்ப நிலைக்கும் தரும் உதவித்தொகை சில இடங்களில் அதைவிட அதிகம். பணம் கேட்டு 'இடம் வாங்கித் தருகிறேன்' என்று வருபவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். 2019இல் பிடிபட்ட கல்லூரிச் சேர்க்கைத் தரகர் ரிக் சிங்கர், படகோட்டவே தெரியாத பிள்ளைகளைத் துடுப்பு வீரர்களாகக் காட்டித்தான் சேர்த்துவிட்டார்.

அட்லாண்டா வாசகர்: அக்கா, எஃப்-1 விசாவில் என்.ஐ.எல்....

இரண்டாவது பதில், சார். கடையைச் சாத்துகிறேன்.