பெயர் ஒன்று, செடி வேறு

மழைக்காலம் தொடங்கியதும் கடிதங்களும் பெருகிவிட்டன. பலவற்றில் குழப்பம் ஒன்றுதான்: கடைக்காரர் ஒரு செடியைக் கொடுக்கிறார், வீட்டுப் பெரியவர் வேறொன்றைக் காட்டுகிறார், இருவரும் சொல்லும் பெயர் மட்டும் ஒன்றாக இருக்கிறது. அப்படிப்பட்ட கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

*டெங்குக் காய்ச்சல் பரவும்போதெல்லாம் நிலவேம்புக் குடிநீர் குடிக்கச் சொல்கிறார்கள். வேப்பமரத்தடியில் முளைத்துக் கிடக்கும் சின்னக் கன்றுகள்தான் நிலவேம்பு என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். அவற்றைக் கொதிக்க வைத்துப் பேரனுக்கும் கொடுக்கிறார். இது சரியா ஐயா?*
*— குடும்பத் தலைவி, மன்னார்குடி*

சரியில்லை அம்மா. இன்றே அவரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

நிலவேம்பு வேப்பமரத்தின் பிள்ளை அல்ல, தூரத்து உறவுகூட அல்ல. அது முழங்கால் உயரத்துக்கு வளரும் ஒரு செடி. தண்டை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு பட்டையாகக் கையில் தட்டுப்படும். இலைகள் ஈட்டி முனை போல ஒடுங்கி, ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இருக்கும். ஓரத்தில் பல் இராது. பூ மிகச் சிறியது, வெள்ளை. அதன் உதட்டில் ஊதாக் கறை இருக்கும். வேப்பங்கன்றின் இலையோ சிற்றிலைகளாகப் பிரிந்து, ஓரமெல்லாம் அரத்தின் பல்லாக இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் சிறு பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது. வைத்துப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

நிலவேம்பின் உண்மையான உறவினர் யார் தெரியுமா? நீங்கள் தலையில் வைத்துக்கொள்ளும் கனகாம்பரம். இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதோடையும் அந்தக் குடும்பம்தான். கறிவேப்பிலை எலுமிச்சைக்கும் வில்வத்துக்கும் சொந்தம். கரிசல் காட்டில் தரையோடு கிடக்கும் சிவனார்வேம்பு அவுரியின் இனம். வேம்பு என்ற பெயர் இவர்களுக்குக் கசப்பினாலும் இலைச் சாயலினாலும் வந்தது, பிறப்பினால் வந்ததல்ல. நம் முன்னோர் நாக்கில் வைத்துப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள். நிலவேம்பை ஒரு முறை மென்றவர்கள் அந்தப் பெயரில் குறை காணமாட்டார்கள். வேம்பையே மறக்கடிக்கும் கசப்பு அது.

வேம்புக்கு நிஜமான தம்பி ஒருவன் இருக்கிறான், மலைவேம்பு. ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக நம் விவசாயிகள் தோட்டம் தோட்டமாக நட்டிருக்கிறார்களே, அந்த மரம். இங்கேயும் எச்சரிக்கை தேவை. பல ஊர்களில் துலுக்க வேம்பு எனப்படும் இன்னொரு மரத்தையும் மலைவேம்பு என்றே அழைக்கிறார்கள். ஊதாப் பூ கொத்துக் கொத்தாகப் பூத்து, மஞ்சள் கோலிகளாகக் காய்த்து நிற்கும். அதன் பழம் மனிதர்க்கும் பன்றிக்கும் நஞ்சு. மலைவேம்புச் சாறு குடித்தால் கருத்தரிக்கும் என்று நம்பிக் கண்ட மரத்தின் இலையை அரைத்துக் குடிக்கும் பெண்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நிலவேம்புக் குடிநீர் என்பதும் நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் ஆகியவையும் சேர்ந்து மொத்தம் 9 சரக்குகள். 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு மக்களுக்கு வழங்கியது இந்தக் கூட்டு மருந்தைத்தான். பேரனைப் பற்றி ஒரு வார்த்தை: வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்ததால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டி இரத்தம் பரிசோதிக்கட்டும். கஷாயம் குடித்தாயிற்று என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

*ஏரியில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வடியவில்லை என்று செய்தித்தாளில் படிக்கிறேன். சித்த மருத்துவ நூலில் ஆகாயத்தாமரை மூலிகை என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஏரியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து பயன்படுத்தலாமா?*
*— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், செங்கல்பட்டு*

அள்ளுங்கள், ஆனால் உரக்குழிக்கு. அடுப்பங்கரைக்கு வேண்டாம்.

செய்தித்தாளின் ஆகாயத்தாமரையும் மருத்துவ நூலின் ஆகாயத்தாமரையும் வெவ்வேறு செடிகள். ஏரியை மூடிக் கிடப்பது அமேசான் பகுதியிலிருந்து வந்தது. இளம் ஊதா நிறத்தில் கதிராகப் பூக்கும். மேல் இதழின் நடுவில் மயில் கண்ணாக ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். இந்த அழகுக்காகத்தான் அதை உலகெங்கும் கொண்டுபோய் விட்டார்கள். இலைக்காம்பு ஊதிப் பருத்து, உள்ளே பஞ்சாகக் காற்று நிரம்பியிருக்கும். அதனால் தஞ்சைப் பக்கத்தில் இதற்கு வெங்காயத்தாமரை என்று பெயர். திருநெல்வேலிக்காரர்கள் அமலைச்செடி என்பார்கள். இந்த இரண்டும் குழப்பம் தராத நல்ல பெயர்கள். செய்தியாளர்கள் இவற்றையே எழுதினால் என்ன என்று எனக்கு நெடுநாளாக ஆதங்கம்.

மருத்துவ நூல்கள் சொல்லும் செடிக்குக் காம்பே கிடையாது. வெளிர்பச்சை இலைகள் ரோஜாப் பூவின் அடுக்காக விரிந்து, கைப்பிடியளவு முட்டைக்கோசு தண்ணீரில் மிதப்பதாகத் தோன்றும். இலையைத் தடவினால் வெல்வெட்டு. தண்ணீரில் அமுக்கிவிட்டு எடுங்கள், மேற்புறம் நனையாமல் வரும். பூ இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. இது சேம்பின் குடும்பம், பச்சையாக வாயில் போட்டால் சேம்பைப் போலவே நாக்கு அரிக்கும். ஆகவே இதையும் சித்த மருத்துவர் கைப்படாமல் உள்ளுக்கு எடுக்காதீர்கள். வெங்காயத்தாமரைக்கோ கழிவுநீரிலுள்ள உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் குணம் உண்டு. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஏரியிலிருந்து எடுத்தது என்றால் காய்கறிக்கு உரமாகப் போடவும் நான் சம்மதிக்கமாட்டேன்.

தாமரை என்ற பெயர் தாங்கிய வேறொன்றும் நம் வயல் வரப்பில் இருக்கிறது, ஓரிதழ் தாமரை. விரற்கடை அளவே உள்ள இளஞ்சிவப்புப் பூவில் ஓர் இதழ் மட்டும் பெரிதாகத் தொங்கும். அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. சரி, கோயில் குளத்தில் பூக்கும் அசல் தாமரைக்கு யார்தான் சொந்தம்? அல்லி என்பீர்கள். இல்லை. மரபணு ஆய்வுகள் காட்டிய விடையைக் கேட்டு நான் அசந்துபோனேன். ஏற்காட்டிலும் நீலகிரியிலும் காபித் தோட்டத்துக்கு நிழல் தருகிறதே சில்வர் ஓக் மரம், தாமரை அந்த வரிசையைச் சேர்ந்தது! அந்த ஓக்கும் ஓக் அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு மரம்.

*சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் மூன்றும் ஒரே செடியின் வகைகளா?*
*— கல்லூரி மாணவி, மதுரை*

முதல் இரண்டும் வேறு வேறு செடிகள், ஆனால் கொத்தமல்லிக் குடும்பத்தில் பங்காளிகள். மூன்றாவது வெளியாள். கருஞ்சீரகம் முக்கோணமாக, மங்கிய கறுப்பில் இருக்கும். வளைந்து மெலிந்த பழுப்பு விதையைக் கருஞ்சீரகம் என்று சொல்லி யாராவது கொடுத்தால் அது பிரியாணிக்குப் போடும் ஷாஜீரா. மசாலாப் பெட்டியைத் திறந்தீர்களானால் அன்னாசிப்பூவையும் பாருங்கள் மகளே. அன்னாசியும் அல்ல, பூவும் அல்ல. தென்சீனத்திலும் வியட்நாமிலும் வளரும் ஒரு மரத்தின் காய்ந்த காய்.

*நினைவாற்றலுக்குப் பிரமி நல்லது என்று மகனுக்கு வாங்கினேன். ஒரு கடையில் வல்லாரைப் பொடியையும் இன்னொரு கடையில் வேறொரு பொடியையும் பிரமி என்றே கொடுத்தார்கள். எது உண்மை?*
*— தையல் தொழிலாளி, ஈரோடு*

இருவரும் ஏமாற்றினார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஹரித்வார் பக்கத்தில் வல்லாரையையே பிராமி என்று விற்பார்கள். கேரளத்தில் பிரம்மி என்றால் நீர்ப்பிரமிதான். வல்லாரைக்கு அங்கே முத்திள், குடங்கல் என்று வேறு பெயர்கள் உண்டு. நம் மருத்துவமும் நீர்ப்பிரமியைத்தான் பிரமி என்கிறது. வடக்கிலிருந்து சரக்கு வரும்போது பெயரும் கூடவே வந்துவிடுகிறது.

பச்சையாகப் பார்த்தால் சந்தேகமே வராது. வல்லாரை இலை சிறுநீரக வடிவில், நீண்ட காம்பில் தனித்தனியாக நிற்கும். நீர்ப்பிரமியின் இலை உளுந்தளவில் தொடங்கி விரல் நகத்துக்குள் அடங்கும், தடித்துச் சாறு நிறைந்திருக்கும். ஈரமான வாய்க்கால் கரையில் படர்ந்து வெளுத்த ஊதாவில் பூக்கும். பொடியாக்கிவிட்டால் என்னாலும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. தென்காசியில் என் தந்தையார் நாட்டுமருந்துக் கடை நடத்தினார். பொடி கேட்டு வருகிறவர்களிடம் முழுச் சரக்கை எடுத்துக் காட்டிவிட்டு, அவர்கள் கண்ணெதிரேதான் இடிப்பார். வாங்குகிறவர்களும் அதை எதிர்பார்த்தார்கள். நீங்களும் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வல்லாரை என்றால் சிரமமே இல்லை, கீரையாகவே வாங்கித் துவையல் அரைத்துக் கொடுக்கலாம்.

*யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வேலியில் நிற்பது அலரி, மஞ்சள் பூ. சென்னையில் உறவினர் வீட்டுக்கு வந்தால் சிவப்புப் பூவை அரளி என்கிறார்கள். வெள்ளைப் பூ மரத்தைக் காட்டி அது ஈழத்தலரியாம், எங்கள் நாட்டு மரமாம்! எது சரி?*
*— வாசகி, யாழ்ப்பாணம்*

மூன்றும் வெவ்வேறு செடிகள் சகோதரி. ஆனால் இந்த முறை மூன்றும் ஒரே குடும்பம்; கிள்ளினால் பால் வடிவதே அடையாளம். சாலை நடுவே வரிசையாக நட்டிருக்கும் சிவப்பும் வெள்ளையும் அரளி. உங்கள் வேலியில் நிற்கும் மஞ்சள் பூ மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. ஈழத்தலரிக்கும் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்காதான், ஈழம் அல்ல. உங்கள் நாட்டில் சிங்களத்தில் 'அரலிய' என்று இதைத்தான் சொல்கிறார்கள். கொழும்பிலுள்ள பிரதமர் இல்லம் அலரி மாளிகை என்று பெயர் பெற்றதும் இந்த மரத்தால்தான், உங்கள் வேலிச் செடியால் அல்ல.

இங்கே பெயர்க் குழப்பம் உயிர் விஷயமாகிவிடுகிறது. அரளியிலும் மஞ்சள் அலரியிலும் இலை, பூ, விதை எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. ஈழத்தலரியில் அந்த இதய நஞ்சு இல்லை, பால் பட்டால் தோல் எரியும், அவ்வளவே. ஒன்றைப் பற்றிக் கேட்டதை இன்னொன்றுக்குப் பொருத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2024இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், பக்தர்கள் வாயில் போடும் பிரசாதத்திலும் நிவேதனத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று அறிவித்தது. மிகச் சரியான முடிவு. உங்கள் வேலியில் காய்க்கும் பச்சைக் காய்களைக் குழந்தைகள் சொப்பு வைத்து விளையாட எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே பெரிய மருத்துவமனை.

*உள்ளூர்ப் பெயர்களை விட்டுவிட்டு எல்லோரும் அறிவியல் பெயரையே சொன்னால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுமே?*
*— தாவரவியல் மாணவர், திருச்சி*

தீராது தம்பி. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், பேரினம், சிற்றினம் என்ற இரட்டைப் பெயர் முறையைத் தாவரங்களுக்கெல்லாம் சூட்டியது பெரும் கொடை. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பெயர்களும் மாறுகின்றன. வேம்பையே அவர் மலைவேம்பின் பேரினமான மீலியாவில்தான் வைத்தார். பிறகு வந்தவர்கள் அசாடிரக்டா என்று தனியே பிரித்தார்கள். வெங்காயத்தாமரையை ஐக்கோர்னியா என்று நான் கற்பித்தேன். இன்று உங்களுக்கு அது பான்டிடேரியா. தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் தனித்தனி விதிநூல்கள் இருப்பதால், ஒரே பேரினப் பெயரை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளலாம். ஃபைகஸ் என்றால் நமக்கு ஆலும் அரசும் அத்தியும். கடலுயிர் ஆய்வாளருக்கு அது ஒரு நத்தை. மோரஸ் நமக்கு முசுக்கொட்டை. பறவை ஆய்வாளருக்கு மீன் பிடிக்கும் ஒரு கடற்பறவை.

உள்ளூர்ப் பெயரை விட்டுவிடுவது இன்னும் மோசம். அமலை என்று ஒரு பாட்டி சொல்லும்போது அதை எழுதிக்கொள்ள ஆள் இல்லையென்றால், அந்தப் பெயரோடு அவர் அறிந்த பக்குவமும் போய்விடும். உங்கள் கல்லூரி எதுவானாலும் சரி, ஊரிலேயே ராபினட் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. செயின்ட் ஜோசப் கல்லூரியில் அனுமதி பெற்றுப் போய்ப் பாருங்கள். ஒட்டிய ஒவ்வொரு தாளிலும் எங்கே, எப்போது, யார் சேகரித்தது என்று எழுதியிருக்கும். நீங்களும் விடுமுறையில் உங்கள் கிராமத்துச் செடிகளை அப்படி அழுத்தி உலர்த்துங்கள். ஊர்ப் பெயர், சொன்னவர் எந்த ஊர்க்காரர், எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதையும் அதே தாளில் தமிழில் எழுதுங்கள். பூவோ காயோ இல்லாமல் வெறும் இலையை மட்டும் எடுக்க வேண்டாம். எனக்குப் படம் அனுப்பிப் பெயர் கேட்கும் மற்ற வாசகர்களுக்கும் அதே வேண்டுகோள்: பூவையும் காயையும் தண்டையும் சேர்த்துப் படம் எடுங்கள், ஊர்ப் பெயரை மறக்காமல் எழுதுங்கள்.