யு.வி. விளக்கு வாங்குமுன் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு அடையாற்றில். மெட்ரோ வாட்டர்தான் வருகிறது. பழைய யு.வி. மெஷின் (புற ஊதா ஒளியால் கிருமியை அடக்குவது) பழுதானதால் புதிது வாங்க ஒரு விற்பனைப் பிரதிநிதியை வரச் சொன்னோம். அவர் இரண்டு கம்பிகள் உள்ள ஒரு கருவியை எங்கள் குழாய்த் தண்ணீரில் விட்டு சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் செங்கல் நிறமாகித் திரிதிரியாகத் திரண்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் (சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்கியது) தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள், யு.வி. இதை எடுக்காது" என்றார். மாமியார் பயந்துபோய் அன்றைக்கே முன்பணம் கொடுக்கச் சொல்கிறார். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 290 காட்டியது. ஆர்.ஓ. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்த செங்கல் நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை, அந்தக் கம்பியிலிருந்து வந்தது. இந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று அலுமினியம். மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்குகிறது. மின்சாரம் பாய வேண்டுமானால் தண்ணீரில் உப்புகள் இருக்க வேண்டும். கால்சியம், மெக்னீசியம் போன்றவை எல்லாக் குழாய்த் தண்ணீரிலும் உண்டு, அவை அழுக்கு அல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது. அடுத்த முறை அவர் வந்தால் அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கருவியை விடச் சொல்லுங்கள். அதுவும் செங்கல் நிறமாகும். மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள், அவருக்கும் நிம்மதியாக இருக்கும். பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தாயையும் பாட்டியையும் பயமுறுத்தி மெஷின் விற்பது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். வாரம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது.

290 என்ற அளவுக்கு ஆர்.ஓ. தேவையில்லை. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. வீட்டு ஆர்.ஓ. ஒரு குடம் தண்ணீர் தருவதற்குள் இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வுக்குத் தடை கொண்டுவரும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ல் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதற்கு இந்த விரயமும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. சாக்கடை கசிந்து கலந்த தண்ணீரும் 290 காட்டலாம். உங்கள் வீட்டுத் தண்ணீர் சம்ப், மோட்டார், மாடித் தொட்டி என்று மூன்று இடம் தாண்டி வருகிறது. கிருமி புகுவது பெரும்பாலும் அங்கேதான். யு.வி. அந்த வேலைக்கான சாதனம். அதன் விளக்கிலிருந்து வரும் 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் மரபணு இழையில் பாய்ந்து அதைப் பெருக முடியாமல் செய்துவிடுகிறது. பெருக முடியாத கிருமியால் நோய் உண்டாக்க முடியாது. குளோரினுக்கு எளிதில் அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிகூட இந்த ஒளிக்கு அடங்கும். 1993ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வரக் காரணமானது அந்த ஒட்டுண்ணிதான்.

ஆகவே கார்பன் வடிகட்டியும் யு.வி.யும் உள்ள சாதாரண மெஷின் உங்களுக்குப் போதும். ஐ.எஸ். 14724 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடும், யு.வி. ஒளி தண்ணீரில் எதையும் விட்டுச் செல்லாது. அதனால் மெஷினிலிருந்து வெளியே வந்த தண்ணீருக்குப் பாதுகாப்பே கிடையாது. கழுவாத குடத்தில் பிடித்து, கையை விட்டு மொண்டு குடித்தால் மெஷின் வாங்கிய காசு வீண். கோடையில் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலக்க நேர்ந்தால் டி.டி.எஸ்.ஸை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தர்மபுரி பக்கத்தில் கிராமம். போர் தண்ணீர்தான் குடிக்கிறோம். ஒன்றரை வருடமாக யு.வி. மெஷின் வைத்திருக்கிறோம். ஆனாலும் சின்னவனுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. மெஷின் வேலை செய்யவில்லையா?

பதில்: மெஷின் நன்றாகவே வேலை செய்யலாம். நீங்கள் சொல்வது ஃபுளோரைடு மாதிரி தெரிகிறது. உங்கள் பகுதியின் நிலத்தடி நீரில் அது பழைய பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஃபுளோரைடு ஒரு கரைந்த உப்பு. ஒளியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். நைட்ரேட், ஆர்சனிக் எல்லாவற்றுக்கும் இதே கதை.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் கட்டி உங்கள் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடியுங்கள், போரைத் துவைக்க, குளிக்க வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் ஆர்.ஓ. வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. முந்தைய கடிதத்துக்கு வேண்டாம் என்று சொன்ன அதே ஆர்.ஓ.வை உங்களுக்கு வாங்கச் சொல்கிறேன், காரணம் தண்ணீர் வேறு. பையனை ஒரு பல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக விளக்கு நீலமாகப் பளிச்சென்று எரிகிறது. சர்வீஸ் ஆள் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்கிறார். எரிகிற விளக்கை எதற்கு மாற்ற வேண்டும்? ஏமாற்றுகிறாரா?

பதில்: இந்த விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிருமியை அடக்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் நீலம் அதோடு கூடவே வரும் வேறு ஒளி. விளக்கு பழசாகும்போது தெரியாத ஒளி குறைந்துகொண்டே போகும், நீலம் மட்டும் அப்படியே எரியும். இவ்வகை விளக்குகளுக்குப் பொதுவாகச் சுமார் 9,000 மணி நேரம் என்று கணக்கு வைக்கிறார்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்பதால், இரவு பகலாக எரியும் மெஷினுக்குத்தான் 'வருடம் ஒன்று' சரியாகப் பொருந்தும். தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் எரியும் மெஷினானால் கையேட்டில் எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள், அதைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று வருடம் என்பது எப்படிப் பார்த்தாலும் அதிகம். மாற்றிவிடுங்கள்.

விளக்கைவிட அதிகமாகக் கவனிக்காமல் விடப்படுவது அதைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாய். சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியைத் தடுத்துவிடும் என்பதால்தான் குவார்ட்ஸ் போடுகிறார்கள். கடினத் தண்ணீரில் அதன் மேல் குக்கரின் உள்ளே படிவதுபோல வெள்ளையாகப் படியும், இரும்பு உள்ள தண்ணீரானால் பழுப்பாக. அப்புறம் புது விளக்கு போட்டும் பயனில்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு வருடம் ஒழுங்காகப் பணம் வாங்கிக்கொண்டு விளக்கை மாற்றியவர்கள் குழாயை ஒருமுறைகூடக் கழற்றிப் பார்க்கவில்லை. நானே நின்று கழற்றச் சொன்னபோது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. சர்வீஸ் நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எரியும் விளக்கைத் திறந்து பார்க்க மட்டும் விடாதீர்கள், கண்ணும் தோலும் பாதிக்கப்படும்.

ஒப்பந்தப் பணம் வாங்கிவிட்டு வராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு வழக்குக் கட்டணம் கிடையாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: விளக்கு உடைந்துவிட்டது. பாதரசம் இருக்குமாமே?

பதில்: இருக்கும், மிகச் சிறிதளவு. ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கையுறை போட்டு, அட்டையால் ஒதுக்கி, ஒட்டும் டேப்பால் தூளை எடுத்து மூடியுள்ள பாட்டிலில் போட்டு மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குவார்ட்ஸ் குழாய் முழுதாக இருந்தால் தண்ணீருக்குள் எதுவும் போயிருக்காது. அதுவும் உடைந்திருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

கேள்வி: ஓ.எம்.ஆரில் 240 வீடுகள் உள்ள குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீரைக் கழிவறை ஃபிளஷுக்கும் தோட்டத்துக்கும் விடுகிறோம். குளோரின் வாடை என்று தினமும் புகார். ஒப்பந்தக்காரர், குளோரினை நிறுத்திவிட்டு யு.வி. போடலாம், வாடையே இருக்காது என்று விலை கொடுத்திருக்கிறார். பொதுக்குழுவில் என்ன சொல்வது?

பதில்: விலையைப் பேசுவதற்கு முன் உங்கள் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கலாகவோ மஞ்சளாகவோ இருந்தால் இப்போதைக்கு யு.வி. வேண்டாம். ஒளி போய்ச் சேர்ந்தால்தான் வேலை. மிதக்கும் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். எத்தனையோ குடியிருப்புகளில் காற்றூட்டும் தொட்டியைச் சரியாக ஓட்டாமல், மணல் வடிகட்டியைத் திருப்பிக் கழுவாமல், கடைசியில் விளக்கைப் போட்டு ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அது நடக்காது. வாடை தாங்கவில்லை என்பதும் பெரும்பாலும் தண்ணீரில் அம்மோனியா மிச்சம் இருக்கிறது என்பதன் அறிகுறி. குளோரின் அதோடு சேர்ந்துதான் அந்த மூக்கை அரிக்கும் வாடையை உண்டாக்குகிறது. அதாவது பழுது குளோரின் போடுவதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது.

தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது என்றால் யு.வி. நல்ல யோசனை, நானும் ஆதரிப்பேன். ஒப்பந்தக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் தண்ணீரின் ஒளி ஊடுருவும் சதவீதத்தை அளந்தாரா என்பது. குடிநீரில் அது 90க்குப் பக்கத்தில் இருக்கும், சுத்திகரித்த கழிவுநீரில் 60, 65 என்று இருப்பது சகஜம். குடிநீர்க் கணக்கில் வாங்கிய விளக்கைக் கழிவுநீருக்கு மாட்டினால் பாதி வேலைகூட நடக்காது. குடிநீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஒளி அளவு. கழிவுநீர் மறுபயன்பாட்டுக்குக் கலிபோர்னியாவில் பின்பற்றும் வழிகாட்டுதல் மணல் வடிகட்டிக்குப் பின் 100, சவ்வு வடிகட்டிக்குப் பின் 80 கேட்கிறது. காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குளிக்கும்போது வரும் உச்ச ஓட்டத்துக்கும், விளக்கு பழசான பிறகும் அந்த அளவு கிடைக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒளியை அளக்கும் சென்சாரும், தானாகக் குழாயைத் துடைக்கும் வைப்பரும் இல்லாத மாடலை வாங்காதீர்கள். எஸ்.டி.பி.யில் வாராவாரம் இறங்கிக் கையால் துடைப்பார்கள் என்று நம்ப முடியாது.

குளோரினை அடியோடு நிறுத்தலாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. யு.வி. பட்ட கிருமிகளில் சில, வெளிச்சம் பட்டால் தங்களைச் சரிசெய்துகொண்டு மறுபடி எழும். தண்ணீர் தொட்டியில் ஒரு நாள் நின்றாலே ஃபிளஷ் குழாய்களில் வழவழப்புப் படியத் தொடங்கும். எனவே யு.வி.க்குப் பிறகு கொஞ்சம் குளோரின் வேண்டும், இப்போது போடுவதைவிட மிகக் குறைவாக. குடற்புழு முட்டைகளுக்கு யு.வி. அவ்வளவாக எட்டாது, அவற்றை வடிகட்டிதான் பிடிக்க வேண்டும். குழந்தைகள் புல்தரையில் விளையாடும் இடத்தில் தெளிப்பானை விட்டுவிட்டுச் சொட்டுக் குழாய் போடுங்கள்.

பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை மூன்று மாதம் தொடர்ந்து வெளி ஆய்வகத்தில் எடுத்த ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) அறிக்கை சரியாக வந்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மாதிரியை ஒப்பந்தக்காரரின் ஆள் எடுக்கக் கூடாது, ஆய்வகத்து ஆளே வந்து எடுக்கட்டும், காலை எட்டு மணி நெரிசல் நேரத்தில்.