நீர்க்கடுப்பும் கல்ச்சர் அறிக்கையும்: கேள்வி பதில்

சிறுநீர்ப் பாதைத் தொற்று குறித்தும், சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை குறித்தும் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பணியில் இருக்கும் உறுப்பினர் தரும் பதில்கள்.

கேள்வி: அம்மாவின் யூரின் கல்ச்சரில் 'ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு நேரே 'ஆர்'. இது உயிருக்கு ஆபத்தான கிருமியா, ஐயா?

பதில்: ஈ.கோலை குடலில் வாழும் பாக்டீரியா. 'ஆர்' என்றால் அம்மருந்துக்குக் கிருமி மசியாது, 'எஸ்' என்றால் மசியும். 'ஆர்' எத்தனை இருக்கிறது என்பது மருந்தைப் பற்றிய செய்தி, நோயின் கடுமையை அது சொல்லாது. ஈஎஸ்பிஎல் என்பது பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைத்துப் பயனற்றதாக்கும் நொதி. அது இருப்பதாலேயே கிருமி உடலை அதிகம் தாக்கும் என்று பொருளில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி ஏதுமின்றி நீர்க்கடுப்பு மட்டும் இருந்து, நைட்ரோஃபுரன்டாயினுக்கோ ஃபாஸ்ஃபோமைசினுக்கோ 'எஸ்' என்று இருந்தால், மருத்துவர் பெரும்பாலும் வாய்வழி மருந்திலேயே குணப்படுத்திவிடுவார். காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிட்டால் நிலைமை வேறு. அவ்விரு மருந்துகளும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு உரியவை, சிறுநீரகத் தொற்றுக்கு அவற்றை நம்ப முடியாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் நோயூட்டும் திறன் எதனால் வருகிறது? நான் நுண்ணுயிரியல் மாணவி.

பதில்: முதல் வேலை ஒட்டிக்கொள்வது. சிறுநீர் அடித்துக்கொண்டு போகும் இடத்தில் பிடிமானம் இல்லாத கிருமி தங்க முடியாது. ஈ.கோலையின் மேல் மயிர் போன்ற நுண்ணிழைகள் உண்டு. டைப் 1 இழையின் நுனியிலுள்ள ஃபிம்ஹெச் என்ற புரதம் சிறுநீர்ப்பையின் உட்சுவரிலுள்ள மானோஸ் சர்க்கரையைப் பற்றுகிறது. பி வகை இழையோ சிறுநீரகச் செல்களின் மேலுள்ள வேறொரு சர்க்கரையைப் பற்றுவதால், சிறுநீரகத் தொற்று வந்தவர்களிடம் எடுக்கும் கிருமிகளில் அது அதிகம் காணப்படுகிறது. அடுத்த தேவை இரும்பு. சிறுநீரில் அது மிகக் குறைவு என்பதால், ஏரோபாக்டின், யெர்சினியாபாக்டின் போன்ற சைடரோஃபோர்களை (இரும்பைப் பற்றும் சிறு மூலக்கூறுகளை) கிருமி வெளியே அனுப்பிக் கிடைக்கும் இரும்பைக் கவர்ந்து வரச் செய்கிறது. ஹீமோலைசின் செல்களைத் துளைக்கும் நஞ்சு. கிருமி வளர்க்கும் இரத்தம் கலந்த கூழான இரத்த அகர் தட்டில் கிருமிக் கூட்டத்தைச் சுற்றிச் சிவப்பு கரைந்து தெளிந்த வளையம் தெரிவதைக் கண்ணாலேயே காணலாம்.

புரோட்டியஸ் என்ற பாக்டீரியா வேறு வகை. அதன் யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாக்கிச் சிறுநீரைக் காரமாக்க, மக்னீசியமும் பாஸ்பேட்டும் படிந்து கல்லாகின்றன. ஒரு புள்ளியில் வைத்த புரோட்டியஸ், மறுநாள் காலை இரத்த அகர் தட்டைத் திறக்கும்போது அலை அலையாக விளிம்பு வரை பரவியிருக்கும். மீன் வாடையும் வரும். நைட்ரோஃபுரன்டாயின் அதனிடம் இயல்பாகவே எடுபடாது.

கேள்வி: மருந்தைத் தாங்குவது, நோயூட்டுவது என்ற இரண்டு திறன்களும் ஒரே கிருமியில் சேருமா?

பதில்: சேர்ந்துவிட்டன என்பதுதான் என் கவலை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு மசியாத ஈ.கோலைகளில் நோயூட்டும் மரபணுக்கள் குறைவாக இருப்பதையே முன்பு பலரும் கண்டனர். 2008இல் பல கண்டங்களில் அடையாளம் காணப்பட்ட எஸ்டி131 என்ற ஈ.கோலை வம்சம் அந்த ஆறுதலைக் கலைத்தது. ஒட்டும் இழைகளையும் இரும்பு கவரும் ஏற்பாட்டையும் வைத்துக்கொண்டே, அது சிப்ரோஃப்ளாக்சசினையும், சிடிஎக்ஸ்-எம்-15 என்ற ஈஎஸ்பிஎல் நொதியின் துணையால் செஃபலோஸ்போரின்களையும் தாங்குகிறது. அந்த நொதி 2001இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது இந்தியாவில் எடுத்த கிருமிகளிலிருந்து. மற்றவை பலிக்காதபோது கொடுக்கும் கார்பபீனம் மருந்துகளையும் உடைக்கும் என்டிஎம்-1 நொதி, டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் 2008இல் கிடைத்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் கண்டறியப்பட்டது. அந்நொதி பற்றி 2010இல் வெளியான ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. இந்நொதிகளுக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தின் வழியாக ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுவதால், நம் குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலைக்கும் வந்து சேரலாம். கடுப்பு என்றதும் மருந்துக்கடையில் செஃபலோஸ்போரின் வகையான செஃபிக்சிம் இரண்டு வாங்கிப் போடுவதை நான் கடுமையாக எதிர்ப்பது அதனால்தான். 2014 முதல் மருந்து விதிகளின் ஹெச்1 அட்டவணையில் உள்ள அம்மருந்தைச் சீட்டில்லாமல் விற்கவே கூடாது.

கேள்வி: மருந்தை முழுதாகச் சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் மறுபடியும் வருகிறதே?

பதில்: குடலிலிருந்து புதிதாக ஏறியிருக்கலாம். சிறுநீர்ப்பைச் செல்களுக்குள்ளேயே ஈ.கோலை கூட்டமாகப் பதுங்குவதும் உண்டு. எலிகளில் தெளிவாகக் காட்டப்பட்ட இதன் தடயங்கள், தொற்று வந்த பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களிலும் கிடைத்துள்ளன. பழைய சீட்டைக் கொண்டு மருந்து வாங்காமல் மறுபடியும் கல்ச்சர் கொடுங்கள்.

கேள்வி: சிறுநீர் வெளியேற டியூப் போட்டிருக்கும் அப்பாவுக்குத் தொந்தரவே இல்லை; கல்ச்சரில் மட்டும் கிருமி வருகிறது.

பதில்: நீண்ட நாள் டியூப் இருந்தால் கிருமி குடியேறத்தான் செய்யும். அறிகுறி இல்லாதபோது மருந்து கொடுத்தால் அடுத்து வருவது இன்னும் மசியாத கிருமியாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும்.

கேள்வி: மாதிரியை எப்படிக் கொடுப்பது?

பதில்: முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள்; முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெயிலில் இருந்தால் கிருமி பெருகி எண்ணிக்கையே பொய்யாகிவிடும். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் அதன் பெயரையும் நேரத்தையும் மறைக்காமல் சீட்டில் எழுதுங்கள். அது தெரியாமல், ஒன்றும் வளராத தட்டைப் பார்த்து நாங்கள் 'கிருமி இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.