மருந்து வரும்வரை காத்திருக்கலாமா?

தோல், முடி நலம்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்கள்

கேள்வி: எனக்கு 27 வயது. 21 வயதிலேயே நெற்றி இரண்டு பக்கமும் ஏற ஆரம்பித்துவிட்டது. இப்போது உச்சியிலும் தோல் தெரிகிறது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முழு வழுக்கை. எலிக்கு முடி முளைத்தது, ஸ்டெம் செல்லில் முடி வளர்த்தார்கள் என்று வருகிற செய்தி ஒன்றையும் விடமாட்டேன். ‘இன்னும் ஐந்தே வருடம்’ என்று போடுவார்கள். பள்ளியில் படித்த காலத்திலும் இதையே படித்த ஞாபகம். நிரந்தரத் தீர்வுதான் எப்படியும் வரப்போகிறதே, அதுவரை எதற்கு மாத்திரையும் லோஷனும் என்று எதையும் தொடங்காமல் இருக்கிறேன். குரூப் போட்டோ என்றால் நழுவிவிடுவேன். நான் காத்திருப்பது சரிதானா? அந்த மருந்து உண்மையில் எப்போது வரும்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: தம்பி, எதையும் தொடங்காமல் காத்திருப்பது சரியில்லை. காத்திருக்கிற ஒவ்வொரு வருடமும் உங்கள் தலையில் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைமுடி ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும். அப்புறம் சுமார் மூன்று மாதம் ஓய்வு. பிறகு உதிர்ந்து, அதே மயிர்க்காலிலிருந்து புதிது கிளம்பும். உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு நொதியால் டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாறுகிறது. பரம்பரையாக இந்த டிஹெச்டியால் எளிதில் பாதிக்கப்படும் மயிர்க்கால்களில் ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைகிறது, மயிர்க்காலும் சிறுத்துக்கொண்டே போகிறது. டெர்மாஸ்கோப் என்ற கைக்கருவியால் பெரிதாக்கிப் பார்த்தால் இது நன்றாகவே தெரியும். உங்கள் பின்னந்தலையில் ஒரே துளையிலிருந்து இரண்டு மூன்று முடிகள் சேர்ந்து, கிட்டத்தட்ட ஒரே தடிமனில் நிற்கும். கருவியை அப்படியே உச்சிக்கு நகர்த்தினால் தடித்த முடி ஒன்று, அதை ஒட்டியே அதில் பாதிகூட இல்லாத இளைத்த முடி ஒன்று, அடுத்தது நிறமே இல்லாத பூனைமுடி என்று கலந்து கிடக்கும். இளைத்த முடியை இன்றைய மருந்துகளால் ஓரளவு மீட்கலாம். பூனைமுடியாகிப் பல வருடம் ஆனதை மீட்பது மிகக் கடினம். நீங்கள் இழந்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது ரகத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கும் முடிகளை.

நாளைக்கு வரப்போகும் மருந்துக்கும் இதே கதைதான். சோதனையில் இருக்கும் பெரும்பாலானவை, இருக்கும் மயிர்க்காலைக் காப்பாற்றவோ எழுப்பவோ முயல்பவை. ஒன்றுமில்லாத இடத்தில் புது மயிர்க்காலை உண்டாக்குவது வேறு ஆராய்ச்சி, அது இன்னும் பின்னால் இருக்கிறது. ஆகவே அந்த நல்ல மருந்து வரும் நாளில் உங்கள் தலையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது இப்போது நீங்கள் செய்வதைப் பொறுத்தது.

எலிச் செய்திகளுக்கு வருவோம். அவை பொய்யல்ல. ஆனால் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் செய்தியைப் படிக்கும் விதமே மாறிவிடும். இதற்கு அதிகம் பயன்படுவது ஒரு கறுப்பு எலி இனம். பிறந்து ஏழு வாரம் ஆகும்போது அதன் முதுகு முடி மொத்தமும் ஒரே சமயத்தில் ஓய்வில் இருக்கும். அந்த நேரத்தில் முதுகைச் சிரைத்துவிட்டால் தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும். பாதி எலிகளுக்கு மருந்தைத் தடவுவார்கள். மயிர்க்கால்கள் விழித்து வளரத் தொடங்கினால் நிறமி சேர்ந்து, முடி வெளியே வருவதற்கு முன்பே தோல் கறுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு எலி கறுகறுவென்றும் பக்கத்து எலி மொட்டையாகவும் நிற்கும். படம் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த எலிக்கு வழுக்கையே கிடையாது. மருந்து தடவாவிட்டாலும் கொஞ்ச நாள் கழித்து அதற்கு முடி வந்திருக்கும். தூங்கிய ஆரோக்கியமான மயிர்க்காலை முன்கூட்டி எழுப்பியதுதான் அங்கே நடந்தது. உங்களுடையது சுற்றுக்குச் சுற்று சிறுத்துவந்த மயிர்க்கால். இனிமேல் ஒரு செய்தி வந்தால் ‘மனிதர்கள்மேல் பார்த்தார்களா, மருந்தில்லாத லோஷன் தடவிய இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டார்களா, எத்தனை மாதம் பார்த்தார்கள்’ என்று மட்டும் தேடுங்கள்.

முடியை ஆய்வகத்தில் பெருக்கும் விஷயத்தில் என் மனம் நம்பிக்கைப் பக்கம்தான். மயிர்க்காலின் அடியில் ‘பாப்பில்லா’ என்று ஒரு சின்னக் கொத்து செல்கள் இருக்கின்றன. முடி முளை என்று கட்டளையிடுவது அதுதான். 1999ல் ஒரு ஆணின் தலையிலிருந்து மயிர்க்காலின் அடிப்பகுதியை உறை போலச் சுற்றியிருக்கும் திசுவை எடுத்து, ஒரு பெண் ஆய்வாளரின் முன்கையில் வைத்தார்கள். அங்கே முடி முளைத்தது. அப்படியானால் பாப்பில்லா செல்களைப் பாத்திரத்தில் ஆயிரமாயிரமாகப் பெருக்கி ஊசியால் போட்டுவிடலாமே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தட்டையான பாத்திரத்தில் பரவி வளர்ந்ததும் அந்தச் செல்கள் முடியை முளைக்க வைக்கும் திறனை இழந்துவிட்டன. 2013ல் கொலம்பியா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் தொங்கும் துளிகளில் செல்களைச் சின்னச் சின்ன உருண்டையாகக் கூடவைத்து வளர்த்தார்கள். இழந்த குணத்தில் ஒரு பகுதி திரும்பியது. ஏழு பேரிடம் எடுத்த செல்களில் ஐந்து பேருடையது மனிதத் தோலில் புது முடியை முளைக்க வைத்தது. அந்தத் தோலை எலியின் முதுகில் ஒட்டிவைத்திருந்தார்கள். இதிலிருந்து சரியான நிறத்தில், சரியான கோணத்தில், உதிர்ந்தாலும் மறுபடி முளைக்கும் முடியை ஒரு மனிதத் தலையில் ஆயிரக்கணக்கில் உண்டாக்குவது பெரிய வேலை. நடக்கும் என்றே நினைக்கிறேன். வருடம் சொல்லமாட்டேன். சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள்.

தாமதத்துக்குத் தலைமுடியும் ஒரு காரணம். அது மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இன்று வழுக்கைக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரையைச் சோதித்தபோது, உச்சியில் ஒரு சின்னப் புள்ளியைப் பச்சை குத்தி, அதைச் சுற்றி ஒரு அங்குல விட்டத்துக்குள் இருக்கும் முடிகளைப் படம் எடுத்து எண்ணினார்கள். தொடக்கத்தில் சராசரி 876. ஒரு வருடம் கழித்து, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 107 அதிகம். இரண்டு வருடத்தில் அந்த வித்தியாசம் 138 ஆனது. இதைத் தெரிந்துகொள்ளவே இரண்டு வருடம் தேவைப்பட்டது. எந்தப் புது மருந்தும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் இரண்டு மருந்துகளுமே வேறு எதையோ தேடியபோது கிடைத்தவை. மினாக்சிடில் 1979ல் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கவனித்துதான் 1988ல் அமெரிக்காவில் தலைக்குத் தடவும் மருந்தானது. ஃபினாஸ்டரைடு 1992ல் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக வந்து, 1997ல் குறைந்த அளவில் தலைமுடிக்கும் அனுமதி பெற்றது. பின்னது டிஹெச்டியைக் குறைப்பதால் உதிர்வை நிறுத்துகிறது. முன்னது வளரும் காலத்தை நீட்டுகிறது. மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி அதிகமாகக் கொட்டலாம். ஓய்விலிருந்த முடிகளைப் புது முடி தள்ளுவதால் வருவது அது. அந்த நேரத்தில் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆறு மாதமாவது பொறுங்கள். இரண்டையுமே நிறுத்தினால் கிடைத்தது சில மாதங்களில், அதிகபட்சம் ஒரு வருடத்துக்குள் போய்விடும். இதற்கு ஒப்புக்கொண்டு தொடங்குங்கள்.

அப்புறம் அந்த குரூப் போட்டோ. என் அறைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் தொப்பியைக் கழற்றுவார்கள். கழற்றும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அவர்களைப் பார்க்கையில் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. ‘வெறும் முடிதானே’ என்று யாரும் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை, நானும் சொல்லவில்லை. இழப்புதான் அது. ஆனால் மருந்து வந்த பிறகு சிரிக்கலாம், பிறகு எல்லோரோடும் நிற்கலாம் என்று வைத்திருக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து விடுங்கள். அடுத்த போட்டோவில் நில்லுங்கள். முடியாத அளவுக்கு மனம் அடைபட்டுப் போயிருந்தால் மனநல ஆலோசகரிடம் போவதும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

கேள்வி: என் மகனுக்கு ஃபினாஸ்டரைடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நிஜமா?
- ஒரு தந்தை

பதில்: பயம் ஆதாரமில்லாதது அல்ல, ஆனால் நண்பர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. முடிக்காகக் கொடுக்கும் 1 மில்லிகிராம் மாத்திரையின் சோதனைகளில் பாலுறவு தொடர்பான ஏதோ ஒரு குறையைச் சொன்னவர்கள் 100க்கு 4 பேருக்குச் சற்றுக் குறைவு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 2 பேர் சொன்னார்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். மனச்சோர்வும் முக்கியம். தற்கொலை எண்ணம் வரலாம் என்பதை இந்த மாத்திரையின் பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025ல் உறுதி செய்தது. மகனுக்கு ஏற்கெனவே மனச்சோர்வு இருந்திருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். சாப்பிடும்போது மனநிலை மாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சாதாரணமாக யாரும் சொல்லாத சில விஷயங்களும் உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக்கூடாது. வயிற்றிலிருப்பது ஆண் குழந்தையானால் பாதிக்கும். மாத்திரை சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் வேண்டாம். பிற்காலத்தில் புராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் இந்த மாத்திரை அந்த எண்ணைச் சுமார் பாதியாகக் காட்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மினாக்சிடிலும் தடவுகிறார், வீட்டில் பூனையும் இருக்கிறது என்றால், மருந்து பட்ட தலையணையிலும் கையிலும் பூனை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய அளவுகூட அதன் உயிருக்கு ஆபத்து.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. புழுவெட்டு வந்து தலையில் பாதிக்கு மேல் முடி இல்லை, புருவமும் போய்விட்டது. வழுக்கைக்கே மருந்து வராதபோது இவளுக்கு எப்போது வரும் என்று அழுகையாக வருகிறது.
- ஒரு தாய்

பதில்: உங்களுக்குத்தான் இந்த வாரம் நல்ல செய்தி. புழுவெட்டு வேறு நோய். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களே மயிர்க்காலைச் சூழ்ந்து தாக்குகின்றன. மயிர்க்கால் அழிவதில்லை, முடங்கிக் கிடக்கிறது. அதனால் தாக்குதலை நிறுத்தினால் பல வருடம் கழித்தும் முடி திரும்ப வாய்ப்பிருக்கிறது.

அந்தத் தாக்குதலுக்கான சமிக்ஞையைத் தடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. 2022 ஜூனில் பாரிசிட்டினிப் பெரியவர்களின் தீவிரப் புழுவெட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2023 ஜூனில் ரிட்லெசிட்டினிப் 12 வயதிலிருந்தே கொடுக்கலாம் என்று அனுமதி பெற்றது. உங்கள் மகள் அந்த வயதுக்குள் வருகிறாள். பாரிசிட்டினிப் சோதனைகளில், அதிக அளவு மருந்து சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கு 36 வாரத்தில் தலையில் 80 சதவீதமாவது முடி வந்திருந்தது. எல்லோருக்கும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறுத்தினால் பலருக்கு மறுபடி உதிர்கிறது. நோய்த்தொற்று வரும் வாய்ப்பு கூடுவதால் தொடங்கும்முன் காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ் பரிசோதனைகளும், இடையிடையே ரத்தப் பரிசோதனையும் தேவை. உங்களுக்குப் பக்கத்தில் இந்த மாத்திரைகளைப் பயன்படுத்திப் பழகிய தோல் மருத்துவரைத் தேடி, இந்த மாத்திரைகளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

அதுவரை விக் வைத்தோ, துணி கட்டியோ, ஒன்றும் இல்லாமலோ, எப்படிப் பள்ளிக்குப் போவது என்று அவளே முடிவு செய்யட்டும். வகுப்பாசிரியரிடம் நீங்கள் போய் ஒருமுறை பேசிவிடுங்கள். இது மற்றவர்களுக்குத் தொற்றாது என்று ஆசிரியரே வகுப்பில் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: முடி மாற்று அறுவைசிகிச்சைதான் நிரந்தரத் தீர்வு என்கிறார்களே, 23 வயதில் செய்துகொள்ளலாமா?
- கல்லூரி மாணவர்

பதில்: அவசரப்பட வேண்டாம். பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்னே நட்ட முடி அங்கேயும் பின்னந்தலை முடியாகவே நடந்துகொள்ளும். அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959ல் வெளியிட்ட இந்த உண்மைதான் முழு சிகிச்சைக்கும் அடிப்படை. நட்டது பெரும்பாலும் நிற்கும். ஆனால் நட்ட இடத்துக்குப் பின்னால் இருக்கும் உங்கள் சொந்த முடி தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். 23 வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னால் அடர்த்தியாக ஒரு வரிசையும், அதற்குப் பின்னால் வெறும் தலையுமாக நாற்பது வயதில் வருபவர்களைப் பார்க்கிறேன். அதைச் சரிசெய்ய அவர்கள் பின்னந்தலையில் எடுப்பதற்கு முடி இருக்காது. முதலில் ஒரு வருடம் மருந்தால் உதிர்வை நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் அறுவைசிகிச்சை செய்பவரிடம், ‘என் பின்னந்தலையில் மொத்தம் எவ்வளவு எடுக்கலாம், இந்தத் தடவை எடுத்ததுபோக அடுத்த தடவைக்கு எவ்வளவு மிஞ்சும்’ என்று கேளுங்கள். அளந்து பார்த்து எண்ணாகப் பதில் சொல்பவரிடம் செய்துகொள்ளலாம்.