மூலப்பாடலும் மறுபாடலும்

கேள்வி: ‘தொட்டால் பூ மலரும்’ பாடலின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் எங்கள் ஊர்த் திருவிழாக் கச்சேரிகளில் பாடுகிறார்கள். இரண்டையும் ஒப்பிடுவது முறையா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முறைதான், ஆனால் எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வாலி எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய மூலம், 1964-இல் வெளிவந்த ‘படகோட்டி’யில் இடம்பெற்றது. 2004-இல் ‘நியூ’ படத்திற்காக ஏ.ஆர்.ரகுமான் அதே வரிகளுக்கு வேறு மெட்டு அமைக்க, ஹரிஹரனும் ஹரிணியும் பாடினார்கள். மெட்டே மாறிவிட்டதால், யார் குரல் சிறந்தது என்று கேட்பதைவிட, ஆண் சொல்வதற்குப் பெண் உடனுக்குடன் மறுமொழி தரும் அந்த வரிகளின் துள்ளலை எந்த மெட்டு நன்றாகத் தாங்குகிறது என்று கேட்பதே பொருந்தும். அந்த வகையில் என் மனம் மூலத்தின் பக்கமே சாய்கிறது.

மேடையில் மூல மெட்டிலேயே பாடுவோரை வேறு விதமாக மதிப்பிட வேண்டும். அதே படத்தின் ‘தரைமேல் பிறக்க வைத்தான்’ பாடலைப் பாம்பனிலோ தொண்டியிலோ பாடும்போது, கேட்பவர்களில் பலர் கடலுக்குப் போகும் குடும்பத்தினர் என்பதால், ஒவ்வொரு சொல்லும் அவர்களுடைய வாழ்க்கையையே சொல்கிறது. சௌந்தரராஜனின் குரலை அப்படியே போலி செய்ய வேண்டியதில்லை. தமக்கு இயல்பான சுருதியில் பாடட்டும். கைத்தட்டலுக்காக வேகத்தைக் கூட்டி, வரிகளுக்கு இடையே மூச்சுவிடும் இடைவெளியையும் அழித்துவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.